அக்கா மகனின் தன்பால் திருமணம்: ஞானத்தந்தையான நான் சாட்சிக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி:
வணக்கம். என் அக்கா மகன் இருக்கிற நாட்டில் தன்பால் திருமணத்துக்குச் சட்ட அனுமதி உண்டு. அடுத்த மாதம் அவனும் அவனுடைய துணைவரும் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறார்கள். திருமுழுக்கில் அவனைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தந்தை நான்தான். நேற்று போனில், "மாமா, நீங்கதான் சாட்சிக் கையெழுத்துப் போடணும்" என்றான், என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் தெரிந்த ஒருவரிடம் கேட்டால், அங்கே போய் உட்கார்ந்தாலே பாவம் என்கிறார். இன்னொருவரோ திருத்தந்தை (போப்) பிரான்சிஸே இப்படிப்பட்ட இணையருக்கு ஆசி கொடுக்கச் சொல்லிவிட்டார், உனக்கென்ன தயக்கம் என்கிறார். எது உண்மை? அவனையும் இழக்கக் கூடாது, என் விசுவாசத்தையும் விடக் கூடாது.

பதில் 1:
முதலில் அந்த ஆசி விஷயம். 2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கான் வெளியிட்ட 'ஃபிதூசியா சுப்ளிக்கான்ஸ்' அறிக்கையைத்தான் அவர் சொல்கிறார். தன்பால் இணையர் கேட்டு வந்தால் குரு ஆசி வழங்கலாம் என்று அதில் இருப்பது உண்மை, ஆனால் அது வழிபாட்டுச் சடங்காக இருக்கக் கூடாது, பதிவுத் திருமணத்தோடு சேர்த்தும் கொடுக்கக் கூடாது, திருமணத்துக்கு உரிய உடை, சைகை, வார்த்தை எதுவும் வேண்டாம் என்று அதே அறிக்கை சொல்கிறது. பத்துப் பதினைந்து நொடி ஆசி என்று அறிக்கையை வெளியிட்ட வத்திக்கான் துறையின் தலைவர் கர்தினால் ஃபெர்னாண்டஸே பிறகு விளக்கினார். அதையும்கூட ஆப்பிரிக்க ஆயர்கள் 2024 ஜனவரியில் தங்கள் பகுதிக்குப் பொருந்தாது என்றார்கள். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான அருட்சாதனம் (திருச்சபையின் புனிதச் சடங்கு) என்ற போதனை அப்படியேதான் இருக்கிறது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் போதனை ஒன்றாக இருந்தாலும் ஆயர்கள் பேசிய விதம் ஒன்றாக இல்லை, இதையும் யோசியுங்கள். 2015 மே மாதம் அயர்லாந்தில் தன்பால் திருமணம் பற்றிப் பொதுவாக்கெடுப்பு நடந்து 62 சதவீதம் பேர் ஆதரித்தபோது, வத்திக்கான் செயலர் கர்தினால் பரோலின் இதை மனித குலத்துக்கே தோல்வி என்றார். டப்ளின் பேராயர் டியர்முயிட் மார்ட்டினும் எதிர்த்து வாக்களித்தவர்தான், ஆனால் ஆதரித்த இளைஞர்களில் பெரும்பாலோர் 12 வருடம் நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்தவர்கள், அப்படியானால் திருச்சபைதான் தன் உண்மை நிலையைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு இரண்டாவது பேச்சில்தான் ஒரு மேய்ப்பர் தெரிகிறார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸையே பாருங்கள், கர்தினால் பெர்கோலியோவாக இருந்தபோது 2010இல் அர்ஜென்டினாவில் தன்பால் திருமணச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த அவரே, பிற்காலத்தில் தன்பால் இணையருக்குச் சட்டப் பாதுகாப்பாகக் குடியியல் இணைவு (திருமணம் அல்லாத சட்டப் பதிவு) இருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

என் மகளும் இப்படித்தான். அவளுடைய திருமணத்துக்கு நான் போகவில்லை, கொள்கையில் உறுதியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நாலு வருடமாக அவள் போன் பண்ணுவதில்லை. தயவுசெய்து போங்கள் அண்ணா.

பதில் 3:
சகோதரி, உங்கள் வலி புரிகிறது. ஆனாலும் போவதும் கையெழுத்துப் போடுவதும் ஒன்றில்லையே! விருந்தினராகப் போனால் அவன்மேல் உள்ள பாசம் என்று யாருக்கும் புரியும், போகவே கூடாது என்று திருச்சபைச் சட்டத்தில் தனியாக ஒரு விதியும் கிடையாது. சாட்சி என்றால் அந்தச் செயலிலேயே நீங்களும் ஒரு பங்கு. 2003இல் கர்தினால் ராட்சிங்கர் (பின்னாளில் திருத்தந்தை பெனடிக்ட்) கையெழுத்திட்ட வத்திக்கான் ஆவணம், இத்தகைய சட்டங்களை நடைமுறைப்படுத்துவதில் நேரடியாக ஒத்துழைக்கக் கூடாது என்கிறது. அதனால் என் மனசாட்சிப்படி நான் போடமாட்டேன். ஆனால் தன்பாலினத்தவரை மரியாதையோடும் பரிவோடும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி நூலின் 2358ஆம் எண் சொல்வதும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது. நம்மில் பலர் தன்பால் உறவைத் தவறு என்று சொல்லும் அதற்கு முந்தைய எண்ணோடு படிப்பதை நிறுத்திவிடுகிறோம்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. சகோதரி எழுதியதைப் படித்ததும் போவது என்று முடிவு செய்துவிட்டேன். கையெழுத்து மட்டும் என்னால் முடியாது, அதை அவன் அம்மா வழியாகத் தெரிந்துகொள்ளும் முன்னால் இன்றிரவு நானே கூப்பிட்டுச் சொல்கிறேன். கோபப்படுவான், அப்புறம் அழுவான். எப்படி இருந்தாலும் அன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன் என்பதையும் அதே போனில் சொல்லிவிடுகிறேன். சகோதரி, நீங்களே உங்கள் மகளை ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்களேன்.