குடியாத்தத்தில் உட்கார்ந்து டெக்னோ: அறை, பம்பை, பென் டிரைவ், மேடை

கவுண்டன்யா128

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

இப்போ பண்றது ரிசப்ஷன், காலேஜ் விழா டிஜே. சினிமாப் பாட்டு ரீமிக்ஸ்தான். இனி சொந்தமா டெக்னோ டிராக் பண்ணி, பெங்களூரு, சென்னை பக்கம் சின்ன அண்டர்கிரவுண்ட் நைட்ல வாசிக்கணும். கையில இருக்கிறது டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 கன்ட்ரோலர், ஏபிள்டன் லைவ் சாஃப்ட்வேர், 5 இஞ்ச் மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. அறை 10-க்கு 10, காங்கிரீட் தளம்.

சந்தேகங்கள்:
வீட்ல சரியா இருக்கிற கிக் (பாஸ் டிரம் அடி), சவுண்டு சர்வீஸ் பாக்ஸ்ல போட்டா கும்முனு அடைக்குது. என்ன தப்பு?
பம்பை, பறை ரெண்டையும் ரெக்கார்ட் பண்ணி டிராக்ல சேர்க்கணும். ஏழு எண்ணிக்கை அடி கிக்கோட உட்காரவே மாட்டேங்குது.
கிளப்ல கன்ட்ரோலர் கொண்டுபோக முடியாது, அங்க இருக்கிற சிடிஜே பிளேயர்தான்னு சொல்றாங்க. பென் டிரைவ் எப்படித் தயார் பண்றது?
வாய்ப்பு கேட்கிறது எப்படி? நம்ம ஊர்லயே எதாவது நடத்த முடியுமா?

பாலாறு303

தம்பி, முதல் சந்தேகத்துக்கு விடை உங்கள் அறையின் அளவிலேயே இருக்கிறது. 10 அடி என்பது 3.05 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ் வரும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு திசையிலும் அதே 56-இல் அலை நின்றுகொள்ளும். டெக்னோ கிக்கின் அடித்தளம் பெரும்பாலும் 45 முதல் 60-க்குள். நேராக அதன் தலையிலேயே கை வைக்கிறது அறை.

இப்படி நிற்கும் அலைக்கு அறையின் நட்ட நடுவில் அழுத்தம் கிட்டத்தட்டப் பூஜ்யம், சுவரோரத்தில் உச்சம். நாற்காலி நடுவில் இருந்தால் கிக் மெலிந்து கேட்கும். நீங்கள் 4, 5 டெசிபெல் ஏற்றிவிடுவீர்கள். அந்த ஏற்றம்தான் வெளியே 18 இஞ்ச் பாக்ஸில் போய் அடைக்கிறது. சந்தேகமிருந்தால் ஏபிள்டனில் 56 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு அறையில் நடந்து பாருங்கள், எங்கே மறைகிறது, எங்கே வீங்குகிறது என்று காதே சொல்லிவிடும்.

முன்சுவரிலிருந்து சுமார் 3 அடி 10 அங்குலத்தில் தலை வரும்படி உட்காருங்கள். 4 அங்குல கண்ணாடிக் கம்பளிப் பலகையைத் துணி போர்த்தி, சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி நிறுத்தினால் 125 ஹெர்ட்ஸுக்கு மேலே நன்றாக உறிஞ்சும். 56-ஐ அது தொடாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். முட்டை அட்டை ஒட்டுவது வீண். அது உச்ச ஒலியைக் கொஞ்சம் மழுக்கும், அடி ஒலிக்கு அங்கே சுவர் மட்டும்தான் இருக்கிறது. அடி ஒலியை முடிவு செய்ய நல்ல ஹெட்போனும், அலைவரிசை காட்டும் ஸ்பெக்ட்ரமும் போதும்.

கிக்கை எந்தச் சுருதியில் வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். 55 ஹெர்ட்ஸ் ஏ, 49 ஜி, 43.65 எஃப். எஃப்புக்கு இறங்கினால் கேட்க ஆழமாக இருக்கும், ஆனால் இங்கே வாடகைக்குக் கிடைக்கும் பல பாக்ஸ்கள் 40-ஐ நெருங்கும்போது மூச்சு வாங்கும். ஜி-யில் தொடங்குங்கள். 30-க்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். அது காதுக்கு வராமல் ஆம்பிளிஃபையரின் பலத்தை மட்டும் தின்னும்.

கடைசியாக மோனோ. ஏபிள்டனின் யூட்டிலிட்டியில் பாஸ் மோனோ என்ற பொத்தான் இருக்கிறது. 120 ஹெர்ட்ஸில் வைத்து விடுங்கள். பிறகு மொத்த டிராக்கையும் மோனோவில் ஒருமுறை கேளுங்கள். சிந்த் காணாமல் போனால், அதை அகலப்படுத்தப் போட்ட எஃபெக்ட் இடதும் வலதும் ஒன்றையொன்று அழிக்கும்படி செய்திருக்கிறது என்று பொருள்.

இன்னொன்று: ஸ்பாட்டிஃபை -14 எல்யுஎஃப்எஸ் (சராசரிச் சத்த அளவு) அளவுக்குக் குறைத்து ஒலிக்கிறது என்பதற்காகக் கிளப் டிராக்கையும் -14-இல் முடிக்காதீர்கள். மற்ற டிராக்குகளுக்கு நடுவில் அது நோஞ்சானாக நிற்கும். மாஸ்டரிங்குக்கு (கடைசி மெருகுக்கு) அனுப்பும்போது, உச்சத்தை அடக்கும் லிமிட்டரை எடுத்துவிட்டு, உச்சம் -6 டெசிபெல் சுற்றில், 24 பிட் வேவ் கோப்பாகக் கொடுங்கள்.

உடுக்கை_மாடுலர்

பம்பை விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் எல்லாரும் அவசரத்தில் கெடுக்கிறார்கள்.

ரெக்கார்டிங்கைத் திருவிழாவில் வைக்காதீர்கள். வைகாசி முதல் நாள் உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் கிடைப்பது வெடியும் மைக் செட்டும் கலந்த சத்தம். அதிலிருந்து பம்பையை மட்டும் பிரிக்க முடியாது. ஆடியில் பம்பைக்காரர்களுக்கு ஓய்வே இருக்காது. அது கழிந்த பிறகு பேசி, கூலி பேசி, மாந்தோப்பு மாதிரி திறந்த இடத்தில் வையுங்கள். 10-க்கு 10 காங்கிரீட் அறையில் பம்பை அடித்தால் எதிரொலிதான் மிஞ்சும்.

பம்பை இரண்டு உருளை, நான்கு முகம். இரு பக்கமும் ஒவ்வொரு டைனமிக் மைக், சுமார் 40 செ.மீ. தள்ளி. இரண்டையும் சேர்த்து மோனோவில் கேட்கும்போது அடி ஒலி மெலிந்தால், ஒரு மைக்கின் துருவத்தை (போலாரிட்டியை) திருப்பிப் போடுங்கள். கனமாகக் கேட்கும் நிலைதான் சரியானது. பறைக்கு ஒரே மைக் போதும், 50 செ.மீ. முதல் 1 மீட்டருக்குள், தோலின் நடுவை நேராகப் பார்க்காமல் சற்றுச் சாய்த்து. அளவு உச்ச அடியில் -12 டெசிபெல் தாண்டக் கூடாது. ஒத்திகையில் மெதுவாக அடிப்பவர் ரெக்கார்டிங்கில் கட்டாயம் பலமாக அடிப்பார். கையடக்க ரெக்கார்டர் வாங்குவதாக இருந்தால் 32 பிட் ஃப்ளோட் உள்ளதாகப் பாருங்கள், ஜூம் எச்1 எசென்ஷியல் மாதிரி. போன் வேண்டாம். அதன் தானியங்கி அளவுக் கட்டுப்பாடு ஒவ்வொரு அடிக்குப் பிறகும் சத்தத்தை அமுக்கி ஏற்றும், அதைப் பின்னால் சரிசெய்ய வழியில்லை.

பறையின் தோல் சூடு ஆற ஆறத் தொய்ந்து சுருதி இறங்கும். காய்ச்சியதும் எடுத்த முதல் டேக்கும் அரை மணி கழித்து எடுத்த டேக்கும் ஒட்டாது. ஒவ்வொரு டேக்குக்கும் முன் வைக்கோல் நெருப்பில் காட்டச் சொல்லுங்கள். வாசிப்பவருக்கே அது தெரியும், நீங்கள் அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும்.

காதில் கிளிக் மாட்டிவிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டாம். அடியின் உயிர் போய்விடும். அவர்கள் போக்கில் விடுங்கள்; பின்னால் ஏபிள்டனில் வார்ப் செய்யும்போது (டெம்போவுக்கு இழுத்துப் பொருத்தும்போது) பீட்ஸ் மோடில், நான்கு பார்களுக்கு (ஒரு பார் நான்கு அடி) ஒரு வார்ப் புள்ளி மட்டும், அதுவும் சமத்தில், அதாவது சுற்றின் முதல் அடியில். ஒவ்வொரு அடியையும் கட்டத்துக்குள் இழுத்தால் டிரம் மெஷின் வாங்கியிருக்கலாமே என்று தோன்றும்.

இப்போது ஏழு எண்ணிக்கை. மூன்று நடையாக இருந்தால் சிக்கலே இல்லை: 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 அடி) ஒரு அடி 468.75 மில்லிசெகண்ட், அதை மூன்றாக்கினால் 156.25. கிக் நாலு அடி அப்படியே போக, பம்பை அதன்மேல் டிரிப்லெட்டாக உருளும். ஏழு அப்படியல்ல. ஏழும் நாலும் 28 அடியில்தான் சந்திக்கும், அதாவது 7 பார். டிஜே மனம் 8 பார், 32 அடிக்குப் பழகியது. அதனால் ஏழு அடியை நாலு முறை விடுங்கள், 28 ஆகும். மிச்சம் 4 அடிக்குப் பம்பையை நிறுத்தி ஒரு தீர்மானமோ (முடிப்பு அடி) வெறும் கிக்கோ வையுங்கள். 32-இல் எல்லாம் சேர்ந்து சமத்தில் விழும். ஐந்து எண்ணிக்கைக்கும் இதே கணக்கு: ஆறு முறை, 30, மிச்சம் 2. ஆடுபவர் எண்ண மாட்டார், ஆனால் அந்த இடத்தில் கால் தானாக நிமிரும்.

கலக்கும்போது பறையை 120-க்குக் கீழே வெட்டுங்கள், 250-400 சுற்றில் 2, 3 டெசிபெல் குறையுங்கள். அங்கேதான் கிக்கின் உடம்போடு மோதும். கிளாப் வைத்திருந்தால் பறையின் சுண்டுக்குச்சிச் சத்தமும் அதுவும் ஒரே இடம், 2-5 கிலோஹெர்ட்ஸ். ஒன்றை எடுத்துவிடுங்கள். என் ஓட்டு கிளாப்பை எடுப்பதற்கே.

ஜங்ஷன்_ரெண்டாம்_நடைமேடை

பென் டிரைவ் பத்தி மட்டும்.

ஃபேட்32, பார்ட்டிஷன் எம்பிஆர். சிடிஜே-2000 நெக்சஸ்2 எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் ரெண்டையும் படிக்காது. சிடிஜே-3000 எக்ஸ்ஃபேட் படிக்கும், ஆனா போற இடத்துல எது இருக்கும்னு தெரியாதப்ப ஃபேட்32-தான். விண்டோஸ்ல 32 ஜிபிக்கு மேல ஃபேட்32 ஆப்ஷன் காட்டலைன்னா 32 ஜிபி டிரைவே வாங்கு. தரமானதா ரெண்டு, ரெண்டுலயும் அதே பாட்டு.

ரெக்கார்ட்பாக்ஸ் சாஃப்ட்வேர்ல அனலைஸ் பண்ணி, பீட்கிரிட் (அடி விழுற இடத்தைக் காட்டுற கோடுகள்) சரிபார்த்து, அப்புறம் எக்ஸ்போர்ட். வெறுமனே காப்பி-பேஸ்ட் பண்ணா நீ சரிபார்த்த பீட்கிரிட் கூட வராது. வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி எஜெக்ட். இல்லன்னா டேட்டாபேஸ் கெட்டு, டிரைவ் காலியா காட்டும்.

இ-8305-ன்னு எர்ரர் வந்தா பயப்படாதே. சில 24 பிட் வேவ் கோப்புகளோட ஹெடர் வகையை பழைய மெஷின் ஏத்துக்காது. ஏஐஎஃப்எஃப்பா மாத்திடு, தரம் குறையாது, டிராக் பேர், அட்டைப்படமும் ஒழுங்கா நிக்கும். ஃபிளாக் எல்லா மாடலும் படிக்காது.

சிங்க் (தானா டெம்போ பொருத்துற பட்டன்) இல்லாம பழகு. ஸ்கிரீன்ல பிபிஎம் தெரியாம ஒரு டேப் ஒட்டிடு. பிட்ச்ல 0.1 சதவீதம் தப்புன்னா ஒரு நிமிஷத்துல 60 மில்லிசெகண்ட் விலகும், ரெண்டு கிக்கும் குதிரை ஓடுற மாதிரி கேக்கும். அது கேக்க ஆரம்பிக்கற நொடிய காது பிடிச்சிட்டா வேலை முடிஞ்சுது. பழைய சினிமாப் பாட்டு வச்சு இத பழகாதே, அதுல டெம்போ நிலையா இருக்காது.

உன் சொந்த டிராக்குக்கு முன்னாடி 32 பார் வெறும் டிரம் விடு. 128-ல சரியா ஒரு நிமிஷம். அது இல்லாத டிராக்க இன்னொரு டிஜே தொடமாட்டாங்க.

மைக்செட்_மாமா

மேலே பாலாறு சொன்னதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். குற்றம் எல்லாம் அறையில் இல்லை. எஃப்எல்எக்ஸ்4-க்கு மாஸ்டர் அவுட் ஆர்சிஏ மட்டும்தான். அதிலிருந்து 15 மீட்டர் சாதா வயர் இழுத்து மிக்சருக்குப் போனால் இரைச்சலும் சேர்ந்து வரும். கன்ட்ரோலர் பக்கத்திலேயே, நீள வயரில் இரைச்சல் ஏறாதபடி சிக்னலை மாற்றித் தரும் ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் வைத்து, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் ஓட்டுங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் உர்ர் சத்தம் நிற்கிறதா? அப்படியானால் எர்த் லூப். டிஐ பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்டைத் தட்டுங்கள். பிளக்கின் எர்த் பின்னை யாராவது வெட்டச் சொன்னால் கேட்காதீர்கள், ஈரத் தரையில் நின்று ஆளே போயிருக்கிறார்கள்.

சவுண்டு சர்வீஸில் பெரும்பாலும் மோனோ ஓட்டம். இடது வயரை மட்டும் சொருகிவிட்டு வலதை விட்டுவிடுவார்கள். உங்கள் பம்பை வலது பக்கம் இருந்தால் ஊருக்கே கேட்காது. போனதும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். அடுத்தது, பாஸ் பாக்ஸுக்கு எத்தனை ஹெர்ட்ஸில் பிரிக்கிறார்கள் என்பது. சினிமாப் பாட்டுக்காகப் பாஸை முழுக்க ஏற்றி வைத்திருப்பார்கள், டெக்னோவுக்கு அதை நேராக்கச் சொன்னாலே பாதி அடைப்பு தீரும்.

அப்புறம் வெயில். பயனியர் சாதனங்களின் கையேட்டில் இயங்கும் வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி வரை. வேலூர் சித்திரையில் 40 தாண்டும். தகரப் பந்தலுக்குக் கீழே மேசை போட்டால் லேப்டாப் சூட்டில் வேகம் குறைந்து சத்தம் விட்டுவிட்டு வரும். லேப்டாப்பின் ஆடியோ பஃபரை 512 சாம்பிளுக்கு ஏற்றுங்கள், லேப்டாப்பைத் தாங்கியில் தூக்கி வையுங்கள், பின்னால் ஒரு டேபிள் ஃபேன்.

நம்ம ஊரில் நடத்தலாம், பகலில். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55 டெசிபெல், இரவு 45. போலீஸ் அனுமதி எழுத்தில் வாங்க வேண்டும். மாலை 4 முதல் 9 வரை, சுற்றி வீடில்லாத தோப்பு, இரண்டு டபுள் 18 பாஸ், இரண்டு டாப். ஐம்பது, அறுபது பேருக்கு அது தாராளம். மண்டபத்துக்குள் வேண்டாம், கிரானைட் தரையும் மொட்டைச் சுவரும் எதிரொலியிலேயே கிக்கைக் கரைத்துவிடும்.

கவுண்டன்யா128

28 + 4 கணக்கு இப்பவே போட்டுப் பார்த்தேன், உட்காருது. ரொம்ப நன்றி. ஒண்ணு மட்டும்: பம்பையோட அம்மன் வர்ணிப்புக் குரலையும் சாம்பிள் பண்ணலாமா? யூடியூப்ல நிறைய கிடக்கு.

உடுக்கை_மாடுலர்

யூடியூபிலிருந்து எடுக்காதீர்கள். தாளம் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அந்த ஒலிப்பதிவு பதிவு செய்தவருக்குச் சொந்தம். நீங்களே பதிவு செய்தாலும், வாசித்தவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: என்ன எடுத்தோம், எங்கே பயன்படும், இன்று கொடுத்த தொகை, விற்றால் பங்கு எவ்வளவு. தமிழில் பத்து வரி போதும், படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து. டிராக் விவரத்தில் அவர்கள் பெயர் வரட்டும்.

வர்ணிப்பு என் வரையில் வேண்டாம். அது சாமியை அழைக்கிற குரல். கேட்டு அருள் வருகிறவர்கள் இருக்கிறார்கள். மது விற்கும் இடத்தில் அதை லூப் போடுவது பாடியவருக்கே சங்கடம். அடியை எடுங்கள், அழைப்பை விட்டுவிடுங்கள்.

பாலாறு303

வாய்ப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. நைட் நடத்துபவர்களுக்கு ரீமிக்ஸ் வீடியோ அனுப்பாதீர்கள். ஒரே டேக்கில், எடிட் இல்லாமல், 60 நிமிட மிக்ஸ் ஒன்று. டிராக் பட்டியல் கீழே. முதலில் கிடைப்பது ஓப்பனிங் நேரமாக இருக்கும், கூட்டம் வருவதற்கு முன். அதற்குத் தகுந்த மிக்ஸாக இருக்கட்டும்: 120-124, அடக்கமாக. முதல் பத்து நிமிடத்திலேயே 140-க்குப் போகிறவரை இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள், பின்னால் வருபவருக்கு ஏற இடமே இருக்காது.

லேபிளுக்கு மூன்று டிராக், சவுண்ட்கிளவுடில் தனி இணைப்பு, டவுன்லோட் திறந்து. அந்த லேபிள் கடைசியாக வெளியிட்ட நான்கைந்தைக் கேட்டுவிட்டு, உங்களுடையது அதோடு சேருமா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள். முப்பது லேபிளை ஒரே மின்னஞ்சலில் சேர்த்தால் ஒருவரும் திறக்க மாட்டார்கள். பதில் வராவிட்டால் பேண்ட்கேம்பில் நீங்களே போடுங்கள்; டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம்.

பெங்களூரு போகும்போது, வாசிக்காத வாரமும் போங்கள். ஓப்பனிங் டிஜே எந்த அளவில் சத்தத்தை வைக்கிறார், எந்த நேரத்தில் எந்த பிபிஎம் என்று சாயங்காலத்திலிருந்தே கவனித்து எழுதி வையுங்கள். காதுக்கு அடைப்பான் எடுத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.