மறு: வெப் ஸ்டோரிக்குத் தமிழ் – 'தட்டுப்படம்' சரிவருமா?

> படக்கதை, வலைக்கதை இரண்டில் ஒன்றை முடிவு செய்து இந்த இழையை மூடிவிடலாமே.

கொஞ்சம் பொறுங்கள் அண்ணா. வெப் ஸ்டோரி என்பது வலைத்தளத்தில் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் பார்க்கிற படவரிசை. அதற்கு இந்த இரண்டு பெயருமே எனக்கு ஒட்டவில்லை. படக்கதை என்றால் எல்லாருக்கும் காமிக்ஸ்தான் நினைவுக்கு வரும். வலைக்கதை என்றால் யாரோ இணையத்தில் எழுதிய சிறுகதை. போதாததற்கு வலைத்தொடர் வேறு பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது. ஆங்கிலத்து ஸ்டோரிக்குள் செய்தி, செய்முறை எல்லாம் அடங்கிவிடும். நம் 'கதை'க்கு அந்த அகலம் இல்லை. கன்று விற்கிறவர் தன் தளத்தில் 'எங்கள் கதைகள்' என்று போட்டால், வாங்க வந்தவர் "கதை விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். 'தட்டுக்கதை' என்று நேற்று ஒரு மடல் வந்தது. வாய் தவறினால் கட்டுக்கதை.

பொருளைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூரில் மாங்கன்று ஒட்டுக்கட்டி விற்கும் ஒருவருக்கு நான் வலைத்தளம் பார்த்துக்கொள்கிறேன். போன ஆடியில் மென்தண்டு ஒட்டு பற்றி ஒன்று செய்தோம். திரையை அடைத்து நிற்கும் நெட்டைப் படங்கள். முதலில், தாய்மரத்தில் இலை கிள்ளிவிட்ட குச்சி. தட்டினால், வேர்ச்செடியின் தலையை வெட்டி நடுவில் பிளக்கிறார்கள். இன்னொரு தட்டு, குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவுகிறார்கள். அடுத்து, பிளவில் செருகிப் பாலித்தீன் நாடாவை இறுக்கிச் சுற்றும் இரண்டு கட்டைவிரல்கள், நகத்தில் மாம்பால் கறையோடு. கடைசியில் தளிர்.

இதில் ஒன்றை இடம் மாற்றிப் போட்டால் ஒட்டுப் பிடிக்காது. ஓசூர்த் தங்கை சொன்ன 'படத்தொகுப்பு' இதனால்தான் பொருந்தவில்லை. கல்யாண ஆல்பத்தை எந்தப் பக்கத்திலிருந்தும் புரட்டலாம், இதை அப்படிப் பார்க்க முடியாது. 'நிலைத்தகவல்' என்பதும் வேண்டாம். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸாப்பிலும் போடுவது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். இது நம் தளத்திலேயே, தனக்கென்று ஒரு முகவரியோடு, நாம் எடுக்கும்வரை இருக்கும்.

செய்து முடித்ததும் கைப்பேசியை அவருடைய அம்மாவிடம் கொடுத்தோம். நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஓ, தட்டுற படமா" என்றார். நான் அந்த இடத்திலேயே கவ்விக்கொண்டேன். தட்டுப்படம்.

தட்டு என்றால் விரலால் தட்டுவதும் உண்டு, அடுக்கும் உண்டு. மேல்தட்டு, அடித்தட்டு என்கிறோமே. நம் மாவட்டத்து மூன்றடுக்கு நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். கீழே வீரன் சண்டையிடுவான், நடுவில் தேவமகளிர் அவனை அழைத்துப் போவார்கள், மேலே சிவலிங்கத்தின் பக்கத்தில் இருப்பான். கீழிருந்து மேலாக ஒவ்வொரு தட்டாகப் படிக்க வேண்டும். ஆகவே உள்ளே வரும் ஒவ்வொரு பக்கத்தையும் 'தட்டு' என்றே சொல்லலாம்: "ஒட்டுக்கட்டுதல், ஏழு தட்டு."

> புதுச் சொல்லை கூகுளில் யார் தேடப்போகிறார்கள்? டிராஃபிக்குக்காகத்தானே இதையெல்லாம் செய்கிறோம்?

சரி, வெப் ஸ்டோரி என்று மட்டும் எந்த விவசாயி தேடுகிறார்? 2018-ல் கூகுள் இதை ஏஎம்பி ஸ்டோரீஸ் என்று கொண்டுவந்தது, 2020-ல் வெப் ஸ்டோரீஸ் என்று மாற்றியது. படிக்கிறவர் யாரும் கவனிக்கக்கூட இல்லை. வடிவத்தின் பெயரை யாரும் தேடுவதில்லை, விஷயத்தைத்தான் தேடுகிறார்கள். எங்களுக்கு உண்மையான தலைவலி அந்த விஷயத்தின் பெயர்தான். ஒரே மாங்காயை ஒருவர் பெங்களூரா என்று தேடுவார், ஒருவர் தோத்தாபுரி என்பார், இன்னொருவர் கிளிமூக்கு என்பார். தலைப்பில் ஒன்று, முதல் தட்டில் ஒன்று, விளக்கவரியில் ஒன்று என்று மூன்றையும் உட்கார வைத்தோம்.

முதல் தடவை நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். எழுத்து அழகாக வரட்டும் என்று படத்துக்குள்ளேயே எழுதி வைத்தேன். பார்க்க ஜோர்தான். ஆனால் தேடுபொறி எழுத்தாகப் படிக்க அங்கே ஒன்றுமில்லை, சின்னத் திரையில் பாதி வரி வெட்டுப்பட்டும் போனது. எழுத்தை எழுத்தாகவே மேலே வைத்து மறுபடி செய்தேன். ஒரு தட்டில் 280 எழுத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது கூகுள். தமிழில் அதில் பாதியே திரையை நிரப்பிவிடுகிறது.

பாதிக் கதை சொல்லி "மீதிக்கு இங்கே சொடுக்கவும்" என்று இழுப்பதையும் கூகுள் விரும்புவதில்லை. முழுதாகச் சொல்லிவிட்டுக் கடைசித் தட்டில் இணைப்பு வைத்தோம். நாம் தேடாமலே கூகுள் கைப்பேசியில் காட்டும் டிஸ்கவர் பக்கத்தில் வந்த அன்று திருவிழாக் கூட்டம், அப்புறம் தேர் போன தெருதான். தேடல் முடிவில் இவற்றைக் கட்டம் கட்டமாகக் காட்டுவதைக்கூட 2024-ல் கூகுள் நிறுத்திவிட்டது. அதனால் இதை மட்டும் நம்பி யாரும் கட்டுரை எழுதுவதை விட்டுவிட வேண்டாம். இன்றும் எங்களுக்குக் கன்று கேட்டு வரும் அழைப்புகளில் பாதிக்குமேல் பழைய நீளக் கட்டுரை வழியாகத்தான் வருகின்றன.

---

> தட்டுப்படம்

தம்பி, சொல் பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம். 'தட்டு' வினை என்றால் இது வினைத்தொகை. சுடுசோறு, குடிதண்ணீர் போல ஒற்று மிகாது, 'தட்டுபடம்' என்றுதான் எழுத வேண்டும். பெயர் என்றால் வன்தொடர்க் குற்றியலுகரம், பாட்டுப்புத்தகம் போல ப் வரும். எது என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். பென்னாகரத்தில் மழை, மின்சாரம் போய்ப்போய் வருகிறது, மீதியை நாளை எழுதுகிறேன்.

---

பெயர்தான் அண்ணா. "ஒரு தட்டு தட்டினான்" என்கிற தட்டு. ப் இருக்கட்டும், அதை எடுத்தால் படிக்கிறவர் எழுத்துப்பிழை என்று நினைப்பார். "கண்ணில் தட்டுப்பட்டது" என்பதன் சாயலும் போய்விடும். டிஸ்கவரில் தேடாமலே எதிரில் வந்து நிற்பதற்கு அந்தச் சாயல் நன்றாகவே பொருந்துகிறது.

நேற்றிரவு சந்தூர்த் தளத்தின் பட்டியலில் மாற்றிவிட்டேன். 'தட்டுப்படங்கள்' என்று போட்டால் கைப்பேசியில் 'கள்' மட்டும் கீழ்வரியில் போய் விழுகிறது. அதனால் இப்போதைக்கு ஒருமையில் இருக்கிறது.