மறு: ரென்னெட்டுக்கு உறைமோர் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சுவிட்சர்லாந்தின் க்ரூயேர் பாலாடைக்கட்டி பற்றிய என் கட்டுரை நான்கு நாளாக ஒரே சொல்லில் சிக்கி நிற்கிறது: பாலாடைக்கட்டிக்குப் பாலை உறைய வைக்கும் ரென்னெட்டுக்குத் தமிழில் என்ன பெயர்? பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

> உறைமோர் என்ற நல்ல சொல் வீட்டிலேயே இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா, எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் உறைமோர் உயிருள்ள பொருள். இன்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைத்தால் நாளைக்கு ஆயிற்று. தலைமுறை தலைமுறையாக அது ஓடும். ரென்னெட் அப்படியில்லை. பால் மட்டுமே குடிக்கும் கன்றின் நான்காம் இரைப்பையை ஊறவைத்து இறக்கும் சாறு அது. அதில் உறைந்த பாலை எடுத்து மறுநாள் பாலில் போட்டால் ரென்னெட்டின் வேலை நடக்காது. உறைகிற விதமும் வேறு. தயிரில் நுண்ணுயிர் புளிப்பை உண்டாக்குகிறது, புளிப்பில் பால் உறைகிறது. ரென்னெட்டுக்குப் பால் புளிக்க வேண்டியதே இல்லை. பாலில் மிதக்கும் கேசீன் என்ற புரத உருண்டைகளின் மேல் ரோமம்போல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை அதிலுள்ள நொதி வெட்டிவிடுகிறது. மொட்டையான உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பால் இனிப்பாகவே இருக்க, முக்கால் மணிக்குள் கட்டிவிடும்.

> அப்படியானால் "உறைநொதி" என்று முடித்துவிடலாமே?

இதற்குத்தான் ஆதரவு அதிகம் என்று தெரியும். இருந்தாலும் எனக்கு உடன்பாடில்லை. நொதி என்பது அந்தச் சாற்றுக்குள் இருக்கும் கைமோசின். கன்று வளர வளர அது குறைந்து பெப்சின் என்ற வேறொரு நொதி கூடும். சாற்றுக்கே நொதி என்று பெயர் வைத்துவிட்டால் கைமோசினை என்னவென்று சொல்வது? காடியை யாரும் அசெட்டிக் அமிலம் என்று கேட்டு வாங்குவதில்லை. மலையில் பால் காய்ச்சுகிறவர் கரண்டியால் அளந்து ஊற்றும் பொருளுக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் செய்திருப்பதைப் பாருங்கள். மாட்டின் நான்காம் இரைப்பைக்கு அவர்கள் வைத்த பெயர் 'காயெட்'; உறைதலைக் குறிக்கும் 'காயே' என்ற வினையிலிருந்து வந்தது. ஜெர்மனில் ரென்னெட் 'லாப்', அந்த இரைப்பை 'லாப்மாகன்'. பையும் சாறும் ஒரே வேரில் நிற்கின்றன. நாமும் பையை உறைப்பை என்றும் சாற்றை உறைச்சாறு என்றும் சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. போர்ச்சுகலில் முள்பூவை ஊறவைத்துப் பால் உறைய வைக்கிறார்கள், பூஞ்சையிலிருந்து எடுப்பதும் உண்டு. 'சாறு' எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும். (சைவ வாசகர்களுக்காக ஒன்றைக் கட்டுரையில் சொல்லியே ஆக வேண்டும்: அசல் க்ரூயேரில் கன்றின் சாறுதான்.)

> உறைச்சாறு என்றால் ஃபிரிட்ஜில் வைத்த ஜூஸ் மாதிரி இருக்கிறது!

சிரித்துவிட்டேன் அம்மா. ஆனால் உறைதல் பாலுக்குச் சொந்தமாகிப் பல நூற்றாண்டு ஆகிறது, ஃபிரிட்ஜ் நேற்று வந்தது. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை தொடங்குவதே குடத்துப் பால் உறையவில்லை என்ற கெட்ட சகுனத்தில்தானே. திரிதல் என்ற வினையைத்தான் இங்கே தவிர்க்க வேண்டும். குறளில் கலத்தின் தீமையால் பால் திரிகிறது, அது கெட்டுப்போவது. வேடிக்கை என்னவென்றால் க்ரூயேர் காய்ச்சுவது செப்புக் கொப்பரையில். நம் பாட்டிமார் பார்த்தால் ஈயம் பூசாத செம்பில் பாலா என்று கேட்டிருப்பார்கள்.

அப்புறம், உறைமோரை நான் தள்ளிவிடவில்லை. தேடிப் படித்தபோது கிடைத்த செய்தி இது: ஃப்ரிபூர் மாநிலத்து மலைக் குடில்களில் பாலில் ஊற்றுவது ஒரு பொருள் அல்ல, இரண்டு. உறைச்சாறு ஒன்று. அதற்கு முன்பே, முந்தின நாள் கொப்பரையில் மிஞ்சிய தெளிந்த நீரை இளஞ்சூட்டில் வைத்துப் புளிக்க விட்டு, அதையும் ஊற்றுகிறார்கள். இது உயிருள்ளது, நாளுக்கு நாள் தொடர்வது. இதற்கு, உறைமோரின் இன்னொரு பெயரான பிரை என்பதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் இருக்கிறது? மோர் அல்லாததால் பிரைமோர் என்று நீட்ட வேண்டாம், பிரை போதும்.

மற்ற சொற்களும் இதே வழியில் வந்து விழுந்தன. கட்டிய பாலைக் கம்பிகள் கட்டிய யாழ் போன்ற கருவியால் அறுப்பார்கள், கோதுமை மணி அளவுக்கு. இந்தத் துணுக்குகளை ஜெர்மனில் 'ப்ரூஹ்', அதாவது உடைந்தது என்கிறார்கள். நம்மிடம் உடைந்த அரிசிக்குக் குருணை இருக்கிறது. பால்குருணை. தயிர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், படிக்கிறவர் நாக்கில் புளிப்பு வந்துவிடும்.

ஒரு காணொளியை நான்கைந்து முறை ஓட்டிப் பார்த்தேன். கொப்பரை 57 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறியதும் பாலாடைக்கட்டி செய்பவர் கையை விட்டு ஒரு பிடி குருணையை அள்ளி அழுத்துகிறார். பிடித்த கொழுக்கட்டைபோல் உருண்டு நிற்கிறது. கட்டைவிரலால் தேய்த்தால் மணி மணியாக உதிர்கிறது. இரண்டும் நடந்தால் பதம். பிறகு துணியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை வளையும் இரும்புப் பட்டையில் சுற்றி, கொப்பரைக்குள் குனிந்து அடியோடு வழித்து எடுக்கிறார். துணியிலிருந்து ஒழுகும் நீருக்கு மோர்த்தெளிவு என்று ஒருவர் எழுதியிருந்தார். மோரே இல்லாத இடத்தில் அது வேண்டாம், பால்தெளிவு எனலாம். ரசத்தெளிவு என்று சொல்லிப் பழகிய நமக்கு விளக்கம் தேவைப்படாது.

400 லிட்டர் பாலுக்கு 35 கிலோ வட்டு ஒன்று தேறும். மிச்சமெல்லாம் பெரும்பாலும் இந்தத் தெளிவுதான். அதில் ஒரு பங்கு பன்றிகளுக்குப் போகும்.

வேறு மறுப்பு இல்லையென்றால் உறைச்சாறு, பிரை, பால்குருணை, பால்தெளிவு நான்கையும் ஞாயிறன்று கட்டுரையில் ஏற்றிவிடுவேன். "பாலாடைக்கட்டி" என்ற சொல்லே தவறு என்று இருவர் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். அந்தக் குடில்களில் மாலைப் பாலை இரவெல்லாம் வைத்து, மேலே படியும் ஆடையில் ஒரு பங்கை வழித்து எடுத்த பிறகுதான் காலைப் பாலோடு சேர்க்கிறார்கள். ஆடையை எடுத்துச் செய்வதற்கு ஆடைக்கட்டி என்று பெயர்! ஆனால் அந்தச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள், இதில் வேண்டாம்.