ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் சென்சார் வைத்தவர்கள்: பெங்களூர் அனுபவங்கள்

அல்சூர்வாசி:

2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்ததை நேரில் பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். சாக்கடை கலந்தது, தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை என்று காரணம் சொன்னார்கள். காரணம் சரிதான். ஆனால் ஆக்சிஜன் எந்த நேரத்தில் இறங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பகலில் பாசி வெயிலை வைத்துக்கொண்டு ஆக்சிஜன் விடும். இருட்டியதும் அதே பாசியே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளத் தொடங்கும். விடிவதற்குச் சற்று முன்னால்தான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். காலை பதினொரு மணிக்கு வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனால், ஏரி நன்றாக இருக்கிறது என்றுதான் முடிவு வரும். ராத்திரி முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும் ஒரு கருவி வேண்டும் என்ற பைத்தியம் எனக்கு அங்கேதான் பிடித்தது.

ஆக்சிஜன் ப்ரோப் வாங்கப் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும். அதோடு, நம்ம ஏரித் தண்ணீரில் போட்டால் சில நாளிலேயே பாசி மூடிக்கொண்டு கண்டபடி எண் காட்டும். அதனால் டி.எஸ்.18பி20 வெப்பநிலை சென்சார்களை ஒரே கயிற்றில் வெவ்வேறு ஆழத்தில் கட்டித் தொங்கவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி உண்டு என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே டேட்டா ஒயர் போதும். மேல்தண்ணீர் சூடாகவும் அடித்தண்ணீர் குளிர்ந்தும் அடுக்காகப் பிரிந்து நின்றால், அடியில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வரும். அந்த நேரத்தில் பெருமழையோ காற்றோ வந்து அடுக்கைக் கலைத்தால் கெட்ட தண்ணீர் மேலே ஏறும். இந்தச் சரம் ஆக்சிஜனை அளக்காதுதான். ஆனால் எந்த ராத்திரி அலாரம் வைத்து எழுந்து போய்ப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிடும். எனக்கு அது போதும்.

ஏரிக்குப் பொறுப்பான அலுவலகத்தில் கடிதம் வாங்கிக்கொண்டுதான் வைத்தேன். இருந்தும் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் சும்மா விடுவார்களா? பக்கத்திலேயே ராணுவ இடம், கரையில் ஒயர் தொங்கும் டப்பா, உள்ளே மினுக் மினுக்கென்று சிவப்பு விளக்கு. போலீசுக்குப் போன் போய்விட்டது. இப்போது டப்பாவின் மேல் கன்னடத்திலும் தமிழிலும் "மீன்களுக்காகத் தண்ணீரின் சூட்டை அளக்கும் கருவி" என்று எழுதி என் போன் நம்பரையும் ஒட்டியிருக்கிறேன். அதன் பிறகு வருகிற போன் எல்லாம் "சார், இன்னிக்கு எவ்வளவு சூடு?" என்று கேட்டுத்தான்.

என் அபிப்பிராயம் இதுதான்: இந்த வேலையில் பாகங்களின் விலையைப் பார்த்து மலிவு என்று சொல்வது பொய்க்கணக்கு. எத்தனை தடவை போய்க் கழற்றி மாட்டவேண்டியிருக்கிறதோ அதுதான் விலை. உங்களை எது திரும்பத் திரும்ப அலையவிட்டது என்று சொல்லுங்கள்.

சி.வி.ராமன் நகர் ரிட்டயர்டு:

அலையவிடுவது பேட்டரி. அதற்கு அடியில் இருக்கும் காரணம், தூங்காத போர்டு.

பிள்ளைகள் எஸ்.பி. ரோட்டில் இ.எஸ்.பி.32 போர்டு (சென்சாரை இயக்கும் சின்னக் கணினிப் பலகை) வாங்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். "டீப் ஸ்லீப்பில் பத்து மைக்ரோ ஆம்பியர்தான் சார், டேட்டாஷீட்டில் போட்டிருக்கு" என்பார்கள். டீப் ஸ்லீப் என்றால் அளக்காத நேரத்தில் சிப் தூங்கிக் கிடப்பது. அது சிப்புக்கு மட்டும் உள்ள கணக்கு. போர்டில் கூடவே இருக்கும் ரெகுலேட்டர், யு.எஸ்.பி. சிப், பவர் எல்.இ.டி. மூன்றும் விடிய விடிய முழித்துக்கொண்டிருக்கும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் பல போர்டுகளில் பத்து மில்லி ஆம்பியர் அளவுக்குப் போகும். ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

கணக்கைப் போட்டே காட்டிவிடுகிறேன். 2600 மில்லி ஆம்பியர்-மணி செல் ஒன்று. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை போர்டு எழுந்து 10 வினாடி வேலை செய்கிறது, அப்போது 80 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. சராசரி பார்த்தால் 0.9-தான். தூக்கத்தில் 0.05 என்றால் மொத்தம் 0.95-க்குள் அடங்கும், மூன்றரை மாதத்துக்கு மேல் ஓடும். அதே போர்டு தூக்கத்தில் 10 எடுத்தால் பத்தே நாளில் செத்துவிடும். புரோகிராம் எழுதியதில் ஒரு குறையும் இருக்காது, எல்.இ.டி.யைப் பிடுங்கியிருக்கமாட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே எல்.இ.டி.யையும் ரெகுலேட்டரையும் கழற்றிவிட்டு 3.2 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லிலிருந்து நேராகக் கொடுங்கள். ஆனால் அதற்கு டி.பி.4056 சார்ஜர் ஆகாது. அது 4.2 வோல்ட் வரை தள்ளும். இந்தச் செல்லுக்கு 3.65-க்கு மேல் போகக்கூடாது.

சோலார் பேனலையும் ரொம்ப நம்பாதீர்கள். பெங்களூர் 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் தெற்கு பார்த்து அதே அளவு சாய்த்தால் போதும் என்று எல்லோருக்கும் தெரியும். ஜூலை, ஆகஸ்டில் நாள் கணக்காக மூடிக்கொண்டு நிற்கும் மேகத்துக்கு யார் பதில் சொல்வது? மரத்தடி என்றால் பேனலை மறந்துவிட்டு நல்ல பேட்டரியாகப் போடுவது மேல்.

ஜக்கூர் அக்கா:

நான் தவளைக்காரி. கோடை மழை முதல் தடவை அடித்துப் பெய்யும் ராத்திரிகளில் ஒலிப்பதிவுக் கருவி வைப்பது என் வேலை. நம்ம ஊர்ப் பெயரையே வைத்த ஒரு தவளை இருக்கிறது தெரியுமோ? ஸ்ஃபேரோதீக்கா பெங்களூரு. மண்ணுக்குள் புதைந்து வாழ்கிற வகை. நகரத்தின் ஓரத்தில் கண்டுபிடித்து 2020-ல்தான் புது இனம் என்று அறிவித்தார்கள். இத்தனை ஐ.டி. பூங்காவுக்கு நடுவில் அதுபாட்டுக்கு இருந்திருக்கிறது!

நான் வைப்பது ஆடியோமாத். உள்ளங்கை அகலம்கூட இல்லை, மூன்று டபுள்-ஏ பேட்டரி, ஒரு மைக்ரோ எஸ்.டி. கார்டு, அவ்வளவே. ரிட்டயர்டு சார் சொன்ன தூக்கப் பிரச்சினையைச் செய்தவர்களே பார்த்துக்கொண்டார்கள். இதில் கையைக் கடிப்பது மெமரி கார்டு. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 48 ஆயிரம் ஒலி மாதிரி என்று பதிந்தால் மணிக்குச் சுமார் 345 எம்.பி. வரும். 32 ஜி.பி. கார்டு நான்கு நாள்கூடத் தாங்காது. வௌவால் வேண்டும் என்று 384-க்கு ஏற்றினால் ஒரே ராத்திரியில் நிறைந்துவிடும். தவளைக்கு 48-கூட அதிகம். இருட்டியதிலிருந்து பத்து மணி வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் தாராளம்.

அப்புறம் எறும்பு. வெதுவெதுப்பாக, ஈரமில்லாமல் ஒரு டப்பா கிடைத்தால் எறும்புக்கு அரண்மனைதான். முட்டை, குஞ்சு, ராணி எல்லாரோடும் குடிவந்துவிடும். கம்பத்தைச் சுற்றியும் கேபிளைச் சுற்றியும் கிரீஸ் தடவுங்கள், தண்ணீர் வடிகிற ஓட்டையில் கொசுவலை ஒட்டுங்கள். சிலிகான் பூசும்போது மட்டும் முகர்ந்து பாருங்கள். காடி வாசனை வந்தால் அது செம்பை அரிக்கும். வாசனை வராத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று சொல்லவேண்டும். நான் கேட்காத, கேட்கக்கூடாத பேச்செல்லாம் அந்தக் கார்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஏரிக்கரையில் புல் அறுக்க வருகிற பெண்கள் வீட்டுக் கஷ்டம் பேசுகிறார்கள். நான் அவர்களிடம் போய்க் கருவியைக் காட்டினேன். பேச்சு வருகிற பகுதியை அழித்துவிடுவேன் என்றும் சொன்னேன், அழிக்கவும் செய்கிறேன். கார்பெட் காட்டில் விலங்குக்காக வைத்த கேமராக்கள் விறகு பொறுக்கப் போகிற பெண்களைக் கண்காணிக்கவும் மிரட்டவும் பயன்பட்டதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2024-ல் வெளியே கொண்டுவந்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று ஆளாளுக்கு ஒன்று மாட்டுவதற்கு முன்னால் அதையும் படித்துவிடுங்கள்.

தளி பஸ்:

நான் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. சித்தப்பாவுக்குத் தளிப் பக்கம் கேழ்வரகு நிலம். கதிர் முற்றுகிற மாதங்களில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் ஓசூர்க் காடுகளுக்கு வரும். வந்தால் ஒரே ராத்திரியில் ஒரு வருஷ உழைப்பு போய்விடும்.

வயலோரத்தில் பி.ஐ.ஆர். சென்சார் வைத்துச் சித்தப்பா போனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பலாம் என்று பார்த்தோம். பி.ஐ.ஆர். பார்ப்பது உருவத்தை இல்லை, பின்னணிக்கும் உடம்புக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் நகர்வதைத்தான். வெயிலில் காய்ந்த செடி காற்றில் ஆடினாலும் அதற்கு யானைதான், நாய் ஓடினாலும் யானைதான். எஸ்.எம்.எஸ். அனுப்பும் சிம்800எல் மாட்யூல் இன்னொரு தலைவலி. அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தால் போர்டு ரீசெட் ஆகி, திரும்ப அனுப்பி, திரும்ப ரீசெட். அது 2ஜி மட்டும்தான் என்பதால் ஜியோ சிம் அதில் வேலைக்கே ஆகாது. பொய் அலாரம் இரண்டு ராத்திரி அடித்ததும் மூன்றாவது ராத்திரி சித்தப்பா போனை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

எனக்குப் பிடித்தது வால்பாறை வழி. அங்கே யானை பக்கத்தில் நின்றால் ஊர்க்காரரே போனில் கூப்பிட்டுச் சிவப்பு விளக்கை எரியவிடுகிறார், சுற்றி இருக்கிறவர்களுக்குக் குறுஞ்செய்தி போகிறது. யானை எங்கே என்று முடிவு செய்வது மனிதர். மதுக்கரை ரயில் பாதையில் 2024-ல் வெப்பக் கேமராவும் ஏ.ஐ.யும் வைத்தார்கள். அது அரசாங்கம் கண்ட்ரோல் ரூமில் ஆள் போட்டு நடத்துகிற சமாச்சாரம், சித்தப்பா வயலுக்கு ஆகாது. இப்போது எங்கள் வயலில் சென்சார் இல்லை. லோரா (குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் ரேடியோ) வைத்த பொத்தான்கள் நாலு காவல் பரணில் இருக்கின்றன. யார் பார்த்தாலும் அழுத்துவார், எல்லாப் பரணிலும் மணி அடிக்கும்.

எல்லாம் பட்டா நிலத்தில் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ என்றால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் கால் வைப்பதே தவறு, கருவியெல்லாம் அப்புறம்.

கே.ஆர்.புரம் ஃபைனல் இயர்:

தளி அண்ணா, லோரா எவ்வளவு தூரம் போகிறது? எங்களுக்குக் காலேஜ் காம்பவுண்டைத் தாண்டவில்லை. அல்சூர் சார், தண்ணீருக்குள் போகும் ஒயர் டப்பாவுக்குள் நுழைகிற இடத்தில் என்ன போட்டீர்கள்?

தளி பஸ்:

தம்பி, புரோகிராமில் அலைவரிசை 915 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பார். லைப்ரரி உதாரணங்களில் அப்படித்தான் இருக்கும். இந்தியாவில் உரிமம் வேண்டாத அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். 868 என்று எழுதி விற்கிற ஆன்டெனாவை வாங்கு. 433 மாட்யூலாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. வயல்வெளியில் எங்களுக்குக் கிலோமீட்டருக்கு மேல் போகிறது, ஆனால் நடுவே ஒரு புளியந்தோப்பு வந்தால் சில நூறு மீட்டர்தான். கம்பத்தை உயர்த்துவதுதான் வழி.

அல்சூர்வாசி:

பி.ஜி.7 க்ளாண்ட், அதாவது ஒயரை இறுக்கிப் பிடித்துத் தண்ணீர் புகாமல் அடைக்கும் திருகு. 3 முதல் 6.5 மில்லிமீட்டர் கேபிள் வரை பிடிக்கும். ஒயரை டப்பாவுக்கு அடியிலிருந்து ஏற்று, நுழைவதற்கு முன்னால் கீழே தொங்குகிற மாதிரி ஒரு வளைவு விடு. மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். டி.எஸ்.18பி20 வாங்கும்போது எல்லாவற்றையும் ஒரே சொம்புத் தண்ணீரில் போட்டு அளவு ஒத்துப்போகிறதா பார்த்துவிட்டு அப்புறம் சாலிடர் செய். போலி நிறைய வருகிறது.