புதுப்பிப்பு: மழைக்கு நடுவே குறுவை அறுவடை

மன்னார்குடிப் பக்கம் குறுவை, அதாவது குறுகிய கால நெற்பயிர், மழையில் சாய்ந்து கிடக்கிறது, அறுவடை இயந்திரம் வயலில் இறங்கவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். அதன்பின் மூன்று நாள் நல்ல வெயில். சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடி, சேற்றிலும் இறங்கும் அறுவடை வண்டியை இறக்கி, நான்கு மா நிலத்தில் (மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர்) மூன்றை அறுத்துவிட்டோம். மீதி ஒரு மாவில் நெல் கதிரிலேயே முளைத்துவிட்டது. கதிரைக் கையில் எடுத்தால் வெள்ளை முளை ஊசிபோல நீட்டிக்கொண்டிருக்கிறது, மனது ஆறவில்லை.

அறுத்த நெல்லைச் சாலையோரம் கொட்டிக் காலால் கிளறிக் காயவைக்கிறோம். ஈரப்பதம் 21 விழுக்காட்டிலிருந்து 18க்கு வந்திருக்கிறது. அரசின் நெல் கொள்முதலுக்கு 17தான் வரம்பு. நேற்று இரவு திடீர்த் தூறல். தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன், குறுவைக்குப் பின் அதே வயலில் போடும் தாளடி நெல்லுக்கு நாற்று விட்டாக வேண்டும். நாற்றங்காலில் இன்னும் முழங்கால் தண்ணீர் நிற்கிறது.