பெல்லந்தூர் நுரைக்குப் பாஸ்பேட் காரணமா?

அல்சூர்_ஆய்வாளன்:
பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியில் திரளும் நுரையைப் பற்றிச் சேகர் சார் நேற்று இங்கே ஒரு சுவரொட்டியைப் பகிர்ந்திருந்தார். "பாஸ்பேட் கலந்த சோப்புத் தூளை நிறுத்துங்கள், பெல்லந்தூர் நுரை தானாக நின்றுவிடும்" என்பது அதன் வாசகம். கழிவுநீர்ச் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இதைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பாஸ்பேட் நுரைக்காது. சோப்புத் தூளில் சேர்க்கும் பாஸ்பேட்டான சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட்டை மட்டும் தண்ணீரில் கரைத்து, பாட்டிலில் அடைத்து, கை ஓயும்வரை குலுக்கினாலும் எழுகிற குமிழிகள் அப்போதே உடைந்துவிடும். நுரைப்பது சர்பேக்டன்ட், அதாவது தூளில் அழுக்கைப் பிரித்தெடுக்கும் பொருள். நாம் வாங்கும் தூள்களில் பெரும்பாலும் இருப்பது லீனியர் அல்கைல்பென்சீன் சல்ஃபோனேட் என்ற நேர்ச்சங்கிலி சர்பேக்டன்ட். சுவரொட்டியில் அந்தப் பெயர் எங்கே?

சேகர்_மாரத்தஹள்ளி:
ஆய்வாளர் ஐயா, நீங்கள் பாட்டிலைக் குலுக்குகிறீர்கள். நான் ஏரிக்கரையில் குடியிருக்கிறேன். 2015-ல் நுரை தீப்பிடித்ததையும், 2018 ஜனவரியில் ஏரியில் பற்றிய தீயை அணைக்க ராணுவத்தினர் வந்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். பாஸ்பேட் ஏரிக்கு உரம். அந்த உரத்தில் ஆகாயத்தாமரை தண்ணீர் தெரியாமல் பரவுகிறது, மடிகிறது, அழுகுகிறது, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கிறது. ஆக்சிஜன் இல்லாத நீரில் நீங்கள் சொல்லும் அந்த சர்பேக்டன்ட் சிதையாமல் தங்குகிறது. அப்படியானால் மூலகாரணம் எது? தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் சுத்திகரித்த நீரை ஏரிகளில் விடுவதற்குப் பாஸ்பரஸ் வரம்பை லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று வைத்ததே, அதுவும் தெரியாமல் வைத்ததா?

அல்சூர்_ஆய்வாளன்:
அந்த வரம்பு களைக்கும் பாசிக்கும் வைத்த வரம்பு, நுரைக்கு வைத்தது அல்ல. நான் கேட்டது ஒரே கேள்வி: பாஸ்பேட் நுரைக்குமா, நுரைக்காதா? வரலாற்றையும் பாருங்கள். 1950-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆறுகளில் நுரை மலைபோல் திரண்டது. அப்போது புழக்கத்தில் இருந்த கிளைச்சங்கிலி சர்பேக்டன்ட்டைப் பாக்டீரியாக்களால் எளிதில் உடைக்க முடியாது என்பதே அதற்குக் காரணம். 1965-ல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் நேர்ச்சங்கிலி வகைக்கு மாறினார்கள். தூளில் பாஸ்பேட் அப்படியே இருந்தது, நுரை குறைந்துவிட்டது. பாஸ்பேட்டின் மீது கட்டுப்பாடு வந்தது பிற்பாடு, வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் பாசி மண்டியதால். இரண்டும் இரண்டு நோய். ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுக்கச் சொல்லி ஊரெல்லாம் ஒட்டாதீர்கள்.

ஓசூர்_தென்பெண்ணை:
நீங்கள் இருவரும் சோப்புத் தூளைவிட்டு வெளியே வாருங்கள். பெல்லந்தூரிலிருந்து வர்த்தூர், வர்த்தூரிலிருந்து தென்பெண்ணை ஆறு, அங்கிருந்து எங்கள் கெலவரப்பள்ளி அணை. மழை பெய்து மதகைத் திறந்தால் நுரை ஆள் உயரத்துக்கு வந்து நிற்கிறது, நாற்றத்தில் கரையில் நிற்க முடியவில்லை. அந்தத் தண்ணீரில்தான் எங்கள் வீட்டுத் தக்காளி விளைகிறது. இதெல்லாம் குடும்பங்கள் துணி துவைத்ததால் வந்தது என்று எங்களிடம் சொல்லாதீர்கள். பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையின் அமிலமும் சாயமும் எங்கே போகின்றன?

அல்சூர்_ஆய்வாளன்:
ஓசூர் நண்பரே, உங்கள் வேதனை நியாயமானது, உங்கள் புவியியல் தவறு. பெங்களூரு ஒரு மேட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பீன்யாவின் கழிவு பெரும்பாலும் மேற்கே விருஷபாவதி ஆற்றில் இறங்கி, பைரமங்கலா ஏரி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. பெல்லந்தூருக்கு வருவது கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்கின் நீர். அதில் பெரும்பங்கு வீட்டுச் சாக்கடை. ஆகவே வீட்டுச் சோப்புதான். ஆனால் சோப்பில் பாஸ்பேட் அல்ல, சர்பேக்டன்ட்.

ஓசூர்_தென்பெண்ணை:
பெங்களூருக்காரர்கள் எப்போதும் இப்படித்தான் வரைபடத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்கிறீர்கள். வைட்ஃபீல்டு, மகாதேவபுரம் பக்கம் இருக்கும் பட்டறைகளின் தண்ணீரும் மேற்கேதான் ஓடுகிறதா? உலோக முலாம் பூசும் பட்டறைக் கழிவில் குரோமியம், நிக்கல் இருக்குமே, அவற்றை எப்போதாவது உங்கள் கூடத்தில் அளந்து சொன்னீர்களா?

மீனாட்சி_கோரமங்களா:
எங்கள் அடுக்ககத்தில் நடப்பதைச் சொல்கிறேன். எஸ்டிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) இருக்கிறது, மின்கட்டணம் ஏறுகிறது என்று இரவில் அதற்குக் காற்று ஊதும் ப்ளோயரை நிறுத்திவிடுகிறார்கள். காற்றோட்டத் தொட்டியில் சேறு கறுத்து, அழுகிய முட்டை வாடை கீழ்த்தளம் வரை வருகிறது. காலையில் ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் ப்ளோயர் ஓடுகிறது, மாதிரி எடுத்துப் போகிறார்கள், சான்றிதழும் வந்துவிடுகிறது. சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்டபோது என்னைப் பேசவிடாமல் செய்தவர்களில் சேகர் சாரின் நண்பர்களும் இருந்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை. சுவரொட்டி அடிக்கும் முன் ப்ளோயரை ஓட்டச் சொல்லுங்கள்.

சேகர்_மாரத்தஹள்ளி:
மீனாட்சி மேடம், உங்கள் அடுக்ககத்துப் பராமரிப்புக் கட்டணத் தகராறை இங்கே இழுக்க வேண்டாம். நீங்கள் போன வருடமும் இதே குற்றச்சாட்டை வைத்தீர்கள், அப்போதும் நான் பதில் சொன்னேன். ஆய்வாளர் ஐயாவுக்கு ஒன்று: உங்கள் வேதியியலையே திருப்பிச் சொல்கிறேன். ட்ரைபாலிபாஸ்பேட்டைத் தூளில் சேர்ப்பதே தண்ணீரில் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைக்கத்தான். நம் போர்வெல் உப்புத் தண்ணீரில் அது இல்லையென்றால் உங்கள் சர்பேக்டன்ட் இவ்வளவு நுரைக்காது. ஆக, பாஸ்பேட் காரணம்தான்.

அல்சூர்_ஆய்வாளன்:
நேற்று பாஸ்பேட் நுரையை உண்டாக்கியது, காலையில் உரமாயிற்று, இப்போது சர்பேக்டன்ட்டுக்குத் துணைவனாகிவிட்டது. நம் மலிவான தூள்களில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது சோடா சாம்பல்; பாக்கெட்டைத் திருப்பிப் படித்துவிட்டு வாருங்கள்.

மீனாட்சி மேடம் சொன்னது மட்டுமே இந்த இழையில் பொருளுள்ள பேச்சு. நேர்ச்சங்கிலி சர்பேக்டன்ட் ஆக்சிஜன் கிடைத்தால் சிதையும், கிடைக்காவிட்டால் சேற்றில் ஒட்டிக்கொண்டு அடியில் படியும். பெருமழை வந்து அந்தச் சேற்றைக் கலக்கும்போது அவ்வளவும் ஒருசேர மேலே வந்து, ஏரி நிரம்பி வழியும் கோடியில் உயரத்திலிருந்து விழும் இடத்தில் காற்றோடு அடிபட்டு நுரையாகிறது. சேற்றின் நுண்துகள்களும் பாக்டீரியாக்களும் அந்த நுரையை உடையவிடாமல் காக்கின்றன. மழைக்குப் பின்னரே நுரை பெருகுவது ஏன் என்று இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் விளக்கியதும் இதைத்தான்.

கண்காணிப்பின் லட்சணம் என்ன? தேசிய நீர்த்தரக் கண்காணிப்பின் அடிப்படை அளவீடுகள் வெப்பநிலை, பிஎச், மின்கடத்தல், கரைந்த ஆக்சிஜன், பிஓடி (கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்), நைட்ரேட், நைட்ரைட், இருவகைக் கோலிஃபார்ம் பாக்டீரியா ஆகியவை. இவற்றில் சர்பேக்டன்ட் எங்கே? 2017-ல் மத்திய அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அறிவித்த வரம்புகளிலும் அது இல்லை. சோதனை ஒன்றும் கடினமானதல்ல. மாதிரி நீரில் மெத்திலீன் புளூ சேர்த்து, குளோரோஃபார்ம் ஊற்றிப் பிரிபுனலில் குலுக்கினால், சர்பேக்டன்ட் இருக்கும் அளவுக்குக் கீழ் அடுக்கு நீலமாகும். குடிநீரில் இதன் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று இந்தியத் தர நிர்ணயமே சொல்கிறது. குடிநீருக்கு அளக்கத் தெரிந்தவர்கள் ஏரிக்கு அளக்காமல் இருப்பதைக் கேட்க வேண்டிய நேரத்தில், நீங்கள் நுரைக்கவே நுரைக்காத ஒரு பொருளைத் துரத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

ஓசூர்_தென்பெண்ணை:
குரோமியத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. வரைபடம் கேட்காமலே வந்தது.

சேகர்_மாரத்தஹள்ளி:
கூடத்துக்குள் பாட்டிலோடு இருப்பவர்களுக்கு, வீடு வீடாகப் போய் ஜனங்களிடம் பேசுவது எவ்வளவு கடினம் என்பது தெரியாது. "லீனியர் அல்கைல்பென்சீன் சல்ஃபோனேட்" என்று எழுதினால் எந்த வீட்டுப் பெண்மணி நின்று படிப்பார்? பாஸ்பேட் என்றால் புரிகிறது, செய்கிறார்கள். சுவரொட்டி மாறாது.

மீனாட்சி_கோரமங்களா:
வீட்டுப் பெண்மணிகளுக்குப் புரியாது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். முதுகலை வேதியியல் படித்த பெண்கள் எங்கள் அடுக்ககத்திலேயே இருக்கிறார்கள். நான் ப்ளோயரைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு வரி பதிலாவது எழுதுங்கள்.

சேகர்_மாரத்தஹள்ளி:
உங்கள் ப்ளோயருக்கு உங்கள் சங்கம்தான் பொறுப்பு. பாஸ்பேட்டுக்கு நாம் எல்லோரும் பொறுப்பு.

அல்சூர்_ஆய்வாளன்:
ஞாயிற்றுக்கிழமை உங்கள் கூட்டத்துக்கு ஒரு பாட்டிலில் பாஸ்பேட் கரைசலும், இன்னொன்றில் சோப்புத் தூள் கரைசலும் கொண்டுவருகிறேன். மேடையில் நீங்களே குலுக்குங்கள். அதுவரை இந்தக் கேள்வியை ஒவ்வொரு நாளும் இங்கே எழுதிக்கொண்டிருப்பேன்: பாஸ்பேட் நுரைக்குமா, நுரைக்காதா?

சேகர்_மாரத்தஹள்ளி:
கூட்டம் உறுப்பினர்களுக்கு மட்டும்.