வெளிறிய தூசு நிலத்தில் வெப்ப நிலைமம் உயர்ந்திருப்பது ஏன்? செவ்வாய் வரைபடங்களை ஒப்பிட உதவி தேவை

கேள்வி
வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் கழகத்திற்கு நான் பொறுப்பாசிரியை. செவ்வாயில் எங்கே தூசு, எங்கே பாறை என்று அறிய, தொலைநோக்கிக் காலத்து ஒளிதெறிப்பு (நிலம் சூரிய ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பது) வரைபடத்தையும், மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்தின் அளவீடுகளால் உருவான வெப்ப நிலைம (நிலம் சூடாகவும் ஆறவும் எவ்வளவு தயங்குகிறது என்பது) வரைபடத்தையும் மாணவர்கள் ஒப்பிடுகிறார்கள். தூசு மண்டிய நிலம் வெளிறியும், வெப்ப நிலைமம் குறைந்தும் இருக்கும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆனால் வட அட்சரேகை 20, தீர்க்கரேகை 330 என்ற இடம் முதல் படத்தில் நன்கு வெளிறியிருக்க, இரண்டாம் படத்திலோ நிலைமம் உயர்ந்திருக்கிறது. எங்கே தவறினோம்?

மறுமொழி 1
நான் தோட்டங்களில் எல்லை அளந்து ஓய்வுபெற்றவன். ஆகவே மண்ணை விட்டுவிட்டு முதலில் எண்களைப் பார்த்தேன். செவ்வாயின் பழைய வரைபடங்கள் தீர்க்கரேகையை மேற்காக எண்ணும். புதியவை பெரும்பாலும் கிழக்காக எண்ணும். மேற்கு 330 என்பது கிழக்கு 30, அதாவது தூசு படிந்த அரேபியா டெர்ரா. கிழக்கு 330-இல் தேடினால், 1997-இல் பாத்ஃபைண்டர் கலம் பாறைகளுக்கு நடுவே இறங்கிய ஏரிஸ் பள்ளத்தாக்கின் பக்கம் போய்விடுவீர்கள். அங்கே நிலைமம் உயர்ந்திருப்பது சரியே. படத்தைத் திருப்ப வேண்டாம், எண்ணை மட்டும் 360-இலிருந்து கழியுங்கள். சரிபார்க்க, மேற்கு 290-இல் உள்ள சிர்ட்டிஸ் மேஜர் என்னும் கரிய முக்கோணம் கிழக்கு 70-இல் அமைகிறதா என்று பாருங்கள்.

கேட்டவர்
மிக்க நன்றி, ஐயா. கிழக்கு 30-இல் நிலைமம் மிகக் குறைவாகவே இருக்கிறது. சிர்ட்டிஸ் மேஜரும் பொருந்திவிட்டது. அப்படியானால், வெளிறியும் நிலைமம் உயர்ந்தும் இருக்கும் நிலம் செவ்வாயில் எங்குமே இல்லை என்று மாணவர்களிடம் கூறலாமா?

மறுமொழி 2
அப்படிக் கூறிவிடாதீர்கள், டீச்சர். ஒளிதெறிப்பு மேல் தோலை மட்டுமே காட்டும். மிக மெல்லிய தூசுப் படலமே நிலத்தை வெளிறச் செய்துவிடும். பகல் வெப்பமோ சில சென்டிமீட்டர் வரையாவது கீழே இறங்குவதால், வெப்ப நிலைமம் படலத்துக்கு அடியில் உள்ளதையும் சேர்த்தே சொல்கிறது. எனவே பாறைமேல் தூசு பூசிய இடம் வெளிறியும் நிலைமம் உயர்ந்தும் தெரியலாம். உப்புகளால் இறுகிய மண் மேலோடும் ஓரளவு வெளிச்சத்தோடு உயர்ந்த நிலைமத்தைக் காட்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மழையில்லாத நாளில் மாணவர்களைப் பொழுது சாய்ந்தபின் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: தோட்டத்துச் சடக்கின் செம்மண் புழுதி விரைவில் ஆறிவிடும், சிமெண்டுப் படியில் சூடு நெடுநேரம் இருக்கும். செவ்வாயில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. அங்குள்ள காற்றழுத்தம் நம்முடையதில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால், தூசுத் துகள்களின் நுண்ணிய இடைவெளிகளில் உள்ள வாயு வெப்பத்தைக் கடத்துவது மிகவும் குறைந்துவிடுகிறது.

ஒளிதெறிப்புப் படத்தின் ஆண்டையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். 2001-இலும் 2018-இலும் கோளையே மூடிய புழுதிப்புயல்களுக்குப் பின் சில பகுதிகளின் வெளிச்சம் மாறியது. அடியிலிருந்த பாறை மாறவில்லை.

கேட்டவர்
ஆண்டையும், தீர்க்கரேகை எண்ணும் திசையையும் இரண்டு தாள்களிலும் எழுதிவிட்டோம். வெளிறியும் நிலைமம் உயர்ந்தும் உள்ள இடங்களை, தூசு என்று பெயரிடாமல், தனி நிறத்தில் குறிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.